ஸ்டோர் சுவரில் நின்ற காட்டுமாடு

கரித்துண்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சோலையம்மாள் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். மிளா மான் வரையப் போகிறாள் என்றால் கழுத்து மெல்ல நிமிரும், எதையோ கேட்பதுபோல் தலை திரும்பும். கரடி என்றால் தோள் இரண்டும் தொங்கிப்போகும். அவளுக்கே அது தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் காசிமாயனுக்குத்தான் தெரியும். "இன்னைக்குக் கரடியா? அப்ப நான் தள்ளியே உக்காந்துக்கிறேன்" என்பார்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருவருக்கும் சோலி. காய் உலர்த்தும் ஸ்டோரில் அவர் அடுப்பு எரிப்பார். அவள் காய் எடுப்பாள், களை வெட்டுவாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். ஆனால் குனிந்து காய் எடுக்கும்போதே, செடிக்கு அந்தப் பக்கம் எது நிற்கிறது, எது போகிறது என்று பார்த்துவிடுவாள். அடுப்புக்கரியால் அவர்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் அதைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அளந்து கோடு போடத் தெரியாது. எங்கே தொடங்குவாள் என்றும் சொல்ல முடியாது. சில நாள் முதுகு, சில நாள் குளம்பு.

எழுபத்தொன்பது வைகாசியில் முதலாளி சீனிச்சாமி புது ஸ்டோர் கட்டி முடித்தார். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு காட்டுமாடு வேண்டும் என்று அவருக்கு ஆசை. லயத்துச் சுவரைப் பார்த்திருந்தவர், "நம்ம சோலையம்மாளே போடட்டும்" என்றார். காவிப்பொடி, சுண்ணாம்பு, வஜ்ரப் பசை எல்லாம் போடியிலிருந்து ஜீப்பில் வந்தன. கூடவே மாட்டுப் படம் போட்ட ஒரு காலண்டரும் வந்தது.

"இதே மாதிரி இருக்கணும் தாயி. திங்கக்கிழமை பூசை."

முதலாளியிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? காலண்டரை ஆணியில் மாட்டி, பார்த்துப் பார்த்து இரண்டு நாள் வரைந்தாள். அது ஏதோ சீமை மாடு. கழுத்திலிருந்து முழங்கால்வரை சடைசடையாக மயிர். சனிக்கிழமை மத்தியானம் களை வெட்டிவிட்டு வந்த பெண்கள் சுவரைப் பார்த்தார்கள்.

"என்னடி சோலை, மாட்டுக்குக் கம்பளி போத்தி விட்டிருக்க?" என்றாள் கருப்பம்மாள். "மழைக்குள்ள காய் எடுக்க வருதாக்கும்?"

"கங்காணி, இதுக்கும் ஒரு கூடை குடுங்க!" என்றாள் இன்னொருத்தி.

கங்காணி ஜக்கையனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் முதலாளி வர்றாரு. அதுக்குள்ள சரியா வரலைன்னா, போடியில இருந்து போர்டு எழுதுற ஆளைக் கூப்பிட்டு அழிச்சுப் போடச் சொல்லிருவேன்" என்றார்.

படத்தை விட்டுவிட்டு மறுபடி களை வெட்டப் போவது அவளுக்குப் பெரிதில்லை. பயம் வேறு. லயத்துக்கு வந்து தன் சுவர் முன்னால் கரியோடு நின்றாள். பழகிய மிளாகூட வரவில்லை. கை மரக்கட்டையாகக் கிடந்தது.

"கை போயிருச்சுங்க" என்றாள் காசிமாயனிடம்.

"கை எங்கேயும் போகல. நீதான் நிக்கவே இல்ல."

"என்னது?"

"போடுறதுக்கு முந்தி ஒரு நிலை நிப்பியே. இந்த ரெண்டு நாளா நிக்கல. வந்த, காலண்டரைப் பார்த்த, கோட்டை இழுத்த."

அவளுக்குப் புரியவில்லை. அவர் எழுந்து கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, தோளைத் தொங்கவிட்டு அவள் மாதிரியே நின்று காட்டினார்.

"நானா? சீ, போங்க!" என்று சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளே சுண்ணாம்பைக் கரைத்துக் காலண்டர் மாட்டின் மேல் அடித்தாள். காய்ந்ததும் சுவர் முன்னால் நின்றாள். போன மாசம் ஓடைக்கரையில் பார்த்த காட்டுப்பசு முதலில் அவள் முதுகுக்கு வந்தது. பாரம் முழுக்கப் பின்னுக்குப் போயிற்று. வலது கால் தானாகத் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. உடனே கரியை எடுத்தாள். மத்தியானக் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. காவியில் கரி கலந்து உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. முடித்தபோது ஜீப்புச் சத்தம் கேட்டது.

ஜக்கையன் முந்திக்கொண்டார். "ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குதுங்க. மூஞ்சியும் எங்கிட்டோ திரும்பியிருக்கு. வர்றவங்களைப் பார்க்க வேணாமா?"

முதலாளிக்கும் அப்படித்தான் பட்டது. "ஏன் தாயி இப்படிப் போட்ட?"

"அப்படித்தான் வந்துச்சுய்யா" என்றாள்.

தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த கருப்பம்மாள் நின்றாள். இந்தத் தடவை கேலி பேசவில்லை.

"பக்கத்துல கன்னு கிடக்கு" என்றாள்.

முதலாளி சுவரைத் தேடினார். "எங்க?"

"படத்துல இல்லீங்க. அந்தப் பக்கம், புல்லுக்குள்ள. கன்னைப் படுக்கப் போட்டிருந்தாத்தான் இப்படி நிக்கும். இந்த நிலையில பார்த்துட்டா நாங்க ஒரு அடி முன்ன வைக்க மாட்டோம். 'போயிர்றோம் ஆத்தா'ன்னு சொல்லிட்டுச் சுத்தித்தான் போவோம். காட்டுல நிக்கிற மாடு இதுதான்."

சோலையம்மாளுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. ஓடைக்கரையில் கன்று இருந்தது. படம் போடும்போது அவள் அதை நினைக்கவே இல்லை.

முதலாளி மறுபடி ஒரு தரம் மாட்டைப் பார்த்தார். அது திரும்பியிருந்த பக்கத்தையும் பார்த்தார். "அப்ப அந்தக் கன்னையும் போட்டுருவோமா?"

"வேணாம்யா." குரல் இத்தனை சத்தமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "அது படுத்திருக்கு."

"சரி, தூங்கட்டும்" என்று சிரித்தவர், ஜக்கையனிடம், "போடி ஆளுக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

சோலையம்மாள் கையைக்கூடக் கழுவாமல் காசிமாயனிடம் போனாள்.

"பசிக்குதுங்க. கஞ்சி இருக்கா?"

இது எண்பத்தேழாம் வருஷம். அந்தச் சுவர் மாட்டைப் பார்த்த ஜீப்புக்காரர்கள் தேடி வர, இருவரும் போடிக்கே வந்துவிட்டார்கள். மலைக்குப் போகிற ஜீப்புகளின் பின்பலகையில் படம் போடுவதுதான் இப்போது அவள் சோலி. வாசலில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவரின் ஜீப்பு நிற்கிறது. அதில் மலையணில் பாதி முடிந்திருக்கிறது.