ராஜா வீட்டில் எனக்கொரு ரூம்

அரண்மனை பார்க்கப் போகலாம் என்று சொன்னது என் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களோடு ஃப்ளாட் பார்க்க வந்து வந்து வெறுத்துப் போயிருந்தாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, யாரும் விக்காத வீடா பாக்கலாம்மா" என்றாள். அப்படித்தான் செஞ்சிக்குக் கிளம்பினோம்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். சிட்லபாக்கத்து வாடகை வீட்டிலிருந்து புறப்பட்டு, சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று என் கணவர் ஏறி இறங்காத மாடி இல்லை. கையில் டேப், வாயில் மூன்று கேள்வி. வாசல் எந்தப் பக்கம்? கார் எங்கே விடறது? மழைக்குத் தண்ணி நிக்குமா? நிற்கும் என்று எந்த பில்டரும் ஒப்புக்கொண்டதில்லை, இவரும் கேட்பதை விட்டதில்லை. கடைசியில் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒன்று அமைந்தது. மூன்று பெட்ரூம். செஞ்சிக்குப் போன மறுநாள், திங்கட்கிழமை, கையெழுத்து.

என் வயிற்றெரிச்சல் அந்த மூன்றாவது பெட்ரூம்தான். ஒன்று எங்களுக்கு, ஒன்று மகளுக்கு, சரி. மூன்றாவது எனக்கு வேண்டும் என்று கேட்டேன். "உனக்கெதுக்குத் தனி ரூம்? உள்ள என்ன பண்ணுவே?" என்றார். தையல் மெஷின் போடுவேன் என்று புளுகியிருந்தால் கிடைத்திருக்கும். "ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா உக்காந்திருப்பேன்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிளானை எடுத்து அந்தக் கட்டத்தில் 'கெஸ்ட்' என்று பேனாவால் எழுதினார். கெஸ்ட் என்றால் அவருடைய அக்கா. வருஷத்துக்கு இரண்டு நாள் வருவார். நல்ல மனுஷிதான், ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் தூங்குவது ஹாலில், டிவிக்கு எதிரில்.

திண்டிவனம் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று புரியட்டும் என்றுதான். அவரோ, "இன்னைக்கு வண்டி சத்தமே இல்லாம ஓடுதுல்ல?" என்று மகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

செஞ்சியில் மலையேற என் முட்டி ஒத்துக்கொள்ளாது என்பதால் அடிவாரத்திலேயே சுற்றினோம். கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்து, "லிஃப்ட் இல்லாம இத்தனை மாடியா?" என்றார். வரிசையாக வளைவு வளைவாக இருந்த லாயத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "கவர்டு பார்க்கிங்! குதிரைக்கு ஒரு ஸ்லாட் தனியா!" அதோடு விட்டாரா? நிழலில் நின்றிருந்த காவலாளியிடம் போய், "அண்ணா, இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டார்.

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாங்கப் போறீங்களா சார்?"

மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சுவரிலிருந்த குரங்குகள் இடம் மாறின. குரங்குகளுக்குப் பயந்து புளிசாதப் பையை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அரண்மனை எங்கே என்று கேட்டோம். காவலாளி கைகாட்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல்லும் செங்கல்லுமாக அடித்தளம் மட்டும் பரந்து கிடந்தது. மேலே ஒன்றுமே இல்லை, வானம்தான்.

"பேஸ்மென்ட் லெவல்லயே நிக்குதே" என்றார் இவர்.

"பில்டர் ஓடிட்டான்பா" என்றாள் மகள்.

அப்பாவும் பெண்ணும் உள்ளே இறங்கி அளக்க ஆரம்பித்தார்கள். டேப் காரில் இருந்ததால் காலடிக் கணக்கு. "இது ஹால். இது மாஸ்டர் பெட்ரூம், எனக்கு." "அப்போ இது எனக்கு, ஜன்னல் மலையைப் பாத்து." "இது உங்கத்தை வந்தா தங்கறதுக்கு." இடிந்துபோன ராஜா வீட்டில்கூட நாத்தனாருக்கு ஒரு அறை! வெயிலில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, போனால் போகிறது என்பதுபோல ஒரு மூலையைக் காட்டினார். "நீ அங்க வா. கிச்சன் அங்கதான் இருந்திருக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! விடுவிடென்று நடந்து, நாத்தனார் அறைக்குள் இறங்கி, ஒரு கல்மேல் பையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது என் ரூம். கேக்காம யாரும் உள்ள வரக் கூடாது."

"சரிம்மா தாயே" என்று சிரித்துவிட்டு ஊரளக்கப் போய்விட்டார்.

நான் உட்கார்ந்தேன். எதிரே மலை. பாறை இடுக்கில் ஒரு ஆட்டுக்குட்டி. காஸை அணைத்தோமா, பாலுக்கு உறை ஊற்றினோமா என்று மனசு கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்தது. பிறகு அதுவும் அலுத்து உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இப்படி உட்கார்ந்த ஞாபகம் எனக்கு இல்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்குப் பசி வந்துவிட்டது போல. அடித்தளத்தில் வாசலுக்காக விட்டிருந்த இடைவெளிக்கு வெளியே நின்றார். ஒரு காலை உள்ளே வைத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"உள்ள வரலாமா?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"என்ன வேணும்?"

"பை." கொஞ்சம் தயங்கினார். "இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

"ஒண்ணும் பண்ணல."

மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு அந்த 'கெஸ்ட்'ட அடிச்சிட்டு உன் பேரை எழுதிடறேன். அக்கா எப்படியும் ஹால்லதான் படுப்பா."

நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வந்த வார்த்தை வேறு. "பையை எடுத்துக்கோங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."

உள்ளே வந்து பையை எடுத்தார். வெளியே போய்த் திரும்பி நின்று, மகளும் காவலாளியும் பார்த்துக்கொண்டிருக்க, காற்றில் கையை நீட்டி, மெதுவாக, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். சுவரே இல்லாத ரூம். நான் அழுதது எல்லோருக்கும் தெரிந்தது.