எஞ்சின் இல்லாமல் வந்த சத்தியநேசன்

ராஜபாளையத்தில் சத்தியநேசனுக்கு முப்பதாம் நாள் ஜெபம். செத்தவருடைய வாழ்க்கையை வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளைதான் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதுதான் அவருடைய அக்காள் இன்பத்துக்குக் கவலை. மூத்த மாப்பிள்ளை அவள் புருஷன் தேவஇரக்கம், பட்டாளத்துப் பென்ஷன்காரர். மச்சினனைப் பற்றி அவர் சொல்வது ஒரே கதைதான். கல்யாண வீடானாலும் சடங்கு வீடானாலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். இன்றைக்கும் அதையே சொன்னால் தம்பியின் பேர் அந்தச் சிரிப்போடு போய்விடும்.

தம்பி மரவேலைக்காரர் சூசையின் மகன். உளி பிடித்த கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் பெங்களூர் போனவன், கிளைடர் செய்கிற ஒரு வெள்ளைக்காரரிடம் சேர்ந்தான். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. மரச்சட்டமும் துணியும்தான். காரில் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றுவார்கள். கயிறு கழன்ற பிறகு காற்றுதான் எல்லாம். இறக்கை ஒட்டப் போனவன் நாலு வருஷத்தில் ஓட்டப் படித்தான். பிறகு மற்றவர்களுக்கும் படித்துக் கொடுத்தான்.

தேவஇரக்கம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எம் மச்சினன் ஆகாசத்துல எஞ்சினத் தொலைச்ச ஆளு..."

கூட்டம் சிரிக்கத் தயாரானது. பின்வரிசையில் கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்த பால்பாண்டி, தம்பியிடம் கிளைடர் ஓட்டப் படித்தவர், மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் இன்பம் எழுந்துவிட்டாள்.

"நீங்க செத்த நேரம் உக்காருங்க. எந்தம்பி கதைய நான் சொல்லுதேன்."

ஜெபத்தில் பெண்பிள்ளை எழுந்து நின்று பேசி அங்கே யாரும் பார்த்ததில்லை. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினாள். முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், மதுரையில் கிளைடரை வேடிக்கை காட்டினார்கள். கயிறு கழன்றதும் தம்பி மைதானத்தைச் சுற்றி இறங்கவில்லை. மலையோரமாகவே வந்து, வத்திராயிருப்புத் தென்னந்தோப்பையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையும் தாண்டி, மூன்று மணி நேரம் கழித்துச் சோழபுரத்தில் சோளம் அறுத்த காட்டில் இறங்கினான். ஓடி வந்தவர்கள் பார்த்தால் எஞ்சினைக் காணோம். ஊர்க்காரர் மொக்கைச்சாமிதான் முதலில் கேட்டார்.

"ஏலே தம்பி, எஞ்சின் எங்கலே விழுந்துச்சு?"

"எஞ்சினே கெடையாது அண்ணாச்சி. காத்துலதான் வந்தேன்."

"மறைக்காதலே. கவர்மெண்டு சாமானுன்னு பயப்படுதியா? நாங்க தேடித் தாரோம்."

உடனே நாற்பது பேர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். பொழுது சாய ஆறு பேர் வலையோடு கண்மாயில் இறங்கினார்கள். அகப்பட்டது ஒரு ஓட்டை அண்டா.

"அம்புட்டுப் பேரையும் பட்டாளம் மாதிரி வரிசைல நிறுத்துனது யாருன்னு இவிய இதுவரைக்கும் சொன்னதில்ல" என்றாள் இன்பம், புருஷனைக் காட்டி.

கூட்டம் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றது அதற்காக அல்ல. பால்பாண்டியைப் பார்த்து, அண்ணே, நீங்க படிச்சதச் சொல்லுங்க என்று கேட்டாள்.

பால்பாண்டி சத்தியநேசனுக்கு நாலு வயது மூத்தவர். யுத்த காலத்தில் இவர் அவரிடம் சேர்ந்தபோது, பதினைந்து நாள் கிளைடரில் உட்காரவே விடவில்லையாம். ஒரு கூடைப் பதரைக் கொடுத்து, மணிக்கு ஒரு கை அள்ளி வீசி, அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லச் சொன்னாராம். தூற்றுவதற்கு நான் எங்கள் ஊர்க் களத்திலேயே இருந்திருப்பேனே என்று இவர் சலித்துக்கொண்டதற்கு, களத்தில் காற்றுத் திரும்புவதை எங்கம்மா முகத்திலேயே கண்டுபிடிப்பாள், உமக்கு அது வரட்டும் என்றாராம். மூன்றாவது வாரம் மேலே போனபோது கிளைடர் இறங்கிக்கொண்டே வந்தது. கீழே செங்கல் சுடும் ஒரு காளவாசல் பக்கம் வைக்கோல் சுழன்று எழும்புவதைக் கண்டு பால்பாண்டி தானாகவே அங்கே திருப்பினார். அந்தச் சூட்டுக் காற்றில் கிளைடர் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த சத்தியநேசன் தரைக்கு வந்த பிறகு, இனி நான் கூட வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

"முப்பத்தோரு பேருக்குப் படிச்சுக் குடுத்தாவ" என்றார் பால்பாண்டி. "ஒருத்தனுக்கும் கை கால் முறியல."

தேவஇரக்கம் மெல்ல எழுந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று இன்பம் அவரையே பார்த்தாள்.

"லீவுல வந்திருந்தேன், வரிசை புடிக்கச் சொன்னது நாந்தான்" என்றார் அவர். "மச்சினன் அதச் சொல்லி என்னய அன்னைக்கே நாலு பேர் முன்னால சிரிப்பாக்கிருக்கலாம். கடைசி வரைக்கும் சொல்லல." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஏட்டி, அன்னைக்கு அவன் எம்புட்டு ஒசரத்துல வந்தான்? அதையும் சொல்லு."

"நாலாயிரம் அடி" என்றாள் இன்பம், தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.