அகஸ்ரின் அடுக்கிய பெட்டி

ஒஷாவா நகரில் ட்ரெய்லர் திருத்தும் பட்டறையொன்றில் இருபத்தாறு வருடம் வண்டிச் சில்லுகளுக்குக் கீழே படுத்துக் கிடந்தவர் அகஸ்ரின். மனைவி காலமான பிறகு அஜக்ஸில் மகள் கரோலின் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார். அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அதனால்தான், மருமகன் றொய்சன் வாகனத்தில் கொளுவி இழுக்கிற, கட்டிலும் சமைக்கக் குசினியும் உள்ள பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கிவந்து, "மாமா, வன்கூவர் வரைக்கும் போகப்போறம். என்னென்ன சாமான் கொண்டுபோகவேணும்?" என்று கேட்டபோது மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று கிழமை அதிலேயே கிடந்தார். சில்லு சுழலும் பேரிங் இரண்டு சோடி, அதன் நட்டும் பின்னும், கிரீஸ், பியூஸ், ஸ்பானர்கள் என்று ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். வண்டியை உயர்த்தும் ஜாக்கைத் தூக்கி முதுகு பிடித்து இரண்டு நாள் எழும்பவில்லை.

"மாமா, பேரிங் மாத்திறதை இன்னொருக்கா மெதுவாச் செய்யுங்கோ. போனிலை எடுக்கிறன்" என்றான் றொய்சன். மருமகனுக்குத் தொழிலில் ஆசை வந்துவிட்டதே என்று அகஸ்ரினுக்குப் பெருமை. முழங்காலில் நின்று மூன்று தரம் செய்து காட்டினார்.

புறப்பட முதல்நாள், அவர் கட்டி வைத்திருந்த உடுப்புப் பையைக் கரோலின் கண்டாள்.

"உந்தப் பை ஏன் அப்பா?"

"மலைப்பக்கம் குளிரும் பிள்ளை."

அவள் புருசனைப் பார்த்தாள். "நீங்கள் வரேல்லை அப்பா. கட்டில் நாலுதான். றொய்சன்ரை அம்மாவும் அப்பாவும் வருகினம். வீட்டையும் ஆரும் பாக்கவேணுமெல்லே."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் உவ்வளவும் செய்திருப்பியளே?" என்று றொய்சன் சிரித்தபடி அவர் முதுகில் தட்டினான்.

அன்று பின்னேரமும் அகஸ்ரின் ரயர்களுக்குக் காற்றுப் பார்த்தார். மகளும் அதோடுதானே போகிறாள்.

நான்காம் நாள் குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. வழியில் தண்டர் பே என்ற ஊருக்கு அப்பால் சில்லு சூடேறி, தெருவோரத்தில் றொய்சன் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தான். 'எங்கட எஞ்சினியர்' என்று அவன் தாய் ஜெயமலர் எழுதியிருந்தா. அகஸ்ரின் திரும்பவும் போட்டுப் பார்த்தார். நட்டுக் கழலாமல் குறுக்கே கோக்கிற பின்னைப் போடாமலே அவன் சில்லைப் பூட்டியிருந்தான்.

றொய்சனுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. கரோலினுக்கு அடித்தார். அவள் எடுத்தாள்.

"ஓடிக்கொண்டிருக்கிறம் அப்பா. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லைப் பிள்ளை, அந்தச் சில்லு..."

"அப்ப பிறகு எடுக்கிறன்." போனை வைத்துவிட்டாள்.

அவருக்கு எழுத்தடிக்க வராது. குரலில் பதிந்து குடும்ப வட்ஸ்அப்பிலேயே அனுப்பினார்: "உடனே நிப்பாட்டச் சொல்லு பிள்ளை. நட்டுக்கு அந்தப் பின்னைப் போடேல்லை." அதை யாரும் திறக்கவில்லை.

இரண்டு மணித்தியாலத்தில் சில்லு கழன்றது. ட்ரெய்லர் பள்ளத்தில் சரிந்து வாகனத்தையும் இழுத்துப் பிரட்டியது. ஜெயமலருக்கு வலது கை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து றொய்சன் போன் எடுத்தான். "எங்களைக் கொல்லவோ மாமா சாமான் கட்டித் தந்தனீங்கள்?"

"பின்னைப் போடேல்லைத் தம்பி. மூண்டு தரமும் காட்டினனான்."

"காட்டேல்லை."

கரோலின் போனை வாங்கினாள். மகளுக்காவது விளங்கும் என்று அவர் காத்திருந்தார்.

"விடுங்கோ அப்பா. மாமியிட்டை ஒரு மன்னிப்புக் கேளுங்கோ. அவ பக்கத்திலைதான் இருக்கிறா."

கேட்டார்.

அடுத்த கிழமை, பட்டறையில் கூட வேலை செய்த ஜூலியஸ், கொஞ்சம் தள்ளி ரூஜ் பகுதியில் உள்ள தன் வீட்டு அறையொன்றில் குடியிருக்க அவரைக் கூட்டிப் போனார். கரோலினுக்குச் செய்தி தெரிந்ததும் போனில் கத்தினாள்: "நாங்கள் வரமுதல் போயிட்டியள். இப்ப ஆர் வீட்டைப் பாக்கிறது?"