வைப்பர் மோட்டாரில் ஆடிய தூளி

நேற்று மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரமாக மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். எதிரே ஒரு பழைய வேன். ஓட்டுநர் வைப்பரைப் போட்டுவிட்டு உள்ளே செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் கண்ணாடியில் உரசி, 'ங்ர்க்... ங்ர்க்' என்று போய் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு வைப்பரைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் கை சலிக்காமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வருகிறதே, இதில் தூளிக் கயிற்றைக் கட்டிவிட்டால் என்ன?

நீங்கள் சிரிக்கலாம். பட்டப்பகலில் ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்துப் பார்த்தவராக இருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். என் மனைவி கலைச்செல்விக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூட வேலை. விடுப்பு முடிந்துவிட்டதால் காலையிலேயே கடலூரிலிருந்து பஸ் ஏறிவிடுவாள். எனக்கு சென்னைக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. தினமும் மதியம் இரண்டு மணிக்கு வீடியோ மீட்டிங். அதில் முகம் காட்டி ஒழுங்காகப் பேச வேண்டும். சொதப்பினால் சென்னைக்கே வந்துவிட வேண்டும். சென்னை என்றால் நான் அங்கே ஓர் அறையில், இவர்கள் இங்கே. ஆக, நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதா இல்லையா என்பது, இரண்டு மணிக்குள் பாப்பா கண்ணை மூடுவதில் வந்து நின்றது.

அவள் மூட மாட்டாள்.

தூக்கம் வராமல் இல்லை. கண்ணைக் கசக்குவாள், காதைப் பிடித்து இழுப்பாள், அந்தக் குட்டி வாய்க்குள் இவ்வளவு இடமா என்கிற மாதிரி கொட்டாவி விடுவாள். கலையின் பழைய காட்டன் புடவையில் கட்டிய தூளி அது. பவுடரும் புளித்த பாலும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனையில் எனக்குத்தான் தூக்கம் சொக்கும். ஆட்டி ஆட்டித் தோள்பட்டை கழன்று, அடங்கிவிட்டாள் என்று கால்விரல் நுனியில் நழுவப் பார்ப்பேன். என் கணுக்காலில் ஓர் எலும்பு சொடுக்குப் போடும். அந்த எலும்பு எனக்கு இருப்பதே அதுவரை தெரியாது. புடவை மடிப்புக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்து, 'எங்க கிளம்பிட்ட?' என்பது போல் சிரிக்கும்.

நான் சும்மா இருக்கிற ஆளா? இணையத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். குழந்தையை இருட்டான, குளிர்ந்த அறையில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டுமாம். கடலூர் வெக்கையில் ஜன்னலைச் சாத்தினால் குழந்தை தூங்காது, வெந்துவிடும். மழைச் சத்தம் போட்டுவிடச் சொன்னார்கள். போட்டேன். எனக்கு அடிக்கடி பாத்ரூம் வந்ததுதான் மிச்சம்.

அதனால்தான் வைப்பர். கலையின் தம்பி குமரனுக்கு முதுநகரில் கார் மெக்கானிக் ஷெட். அங்கே போய் ஒரு பழைய வைப்பர் மோட்டார் கேட்டேன்.

"எந்த வண்டிக்கு மாமா?"

"வண்டிக்கு இல்ல மச்சான். பாப்பாவுக்கு."

"பாப்பாவுக்கு எதுக்கு வைப்பரு? அவதான் கீழ மழ பேயறாளே தவிர மேல பேயலயே?"

விளக்கிச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ ரொம்ப ஜாஸ்தியா படிச்சிட்ட மாமா. அதான் பிரச்சன," என்றான். ஆனால் மோட்டாரோடு பழைய பேட்டரியும் கொடுத்தான்.

நேராகக் குழந்தையைப் போட்டு ஆட்டிப் பார்க்க நான் என்ன முட்டாளா? பாப்பா எடைக்கு ஒரு பையில் அரிசியைக் கட்டித் தூளியில் போட்டு மோட்டாரை ஓட்டினேன். கயிற்றின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், வேகத்தைக் கணக்குப் பண்ணியும் நான் மெய்மறந்திருந்தபோது, கீழ் வீட்டு மேரி அக்கா கிண்ணத்தில் மீன் குழம்போடு வந்து நின்றார்கள். வீட்டுக்காரம்மா அவர்கள்தான்.

"அய்யய்ய! வெறுந் தூளிய ஆட்டுறியே! புள்ளைக்கு வயித்த வலிக்கும்னு தெரியாது?"

"வெறுந் தூளி இல்லக்கா. உள்ள அரிசி இருக்கு."

"அரிசி என்னா, நீ பெத்ததா?"

இதற்கு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பதில் சொல்லித் தருவதில்லை. சாயங்காலம் பாப்பா காலை மடக்கிக்கொண்டு அழுதாள். காலையில் கொடுத்த கேழ்வரகுக் கூழ்தான் காரணம் என்று நான் சொல்வதற்குள் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த கலையின் போன். "என்னங்க, அரிசிய தூளில போட்டு ஆட்டினீங்களாமே? மேரி அக்கா சொல்றாங்க." பஸ் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் மோட்டார் அருமையாக ஓடியது. கிரீஸ் சூடாகிற வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால், தூளி விளிம்பில் இரண்டு கையையும் வைத்துத் தலையை நீட்டிய பாப்பாவின் முகம்தான் வருகிறது. மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போனால் சிரிப்பு, வந்தால் சிரிப்பு. நிறுத்தினால் அழுகை. தூக்கம் எங்கேயோ பறந்துவிட்டது. என் மகள்தான், சந்தேகமே இல்லை.

கடைசியில் எல்லோரும் செய்வதையே செய்தேன். கயிற்றின் ஒரு முனையைத் தூளியிலும் மறுமுனையைக் கால் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். கேமராவுக்குக் கால் தெரியாது. கால் ஆடினால் உடம்பு ஆடும் என்பதை யோசிக்கவில்லை.

"ஏன் ஆடிக்கிட்டே பேசறீங்க?" என்று கேட்டார் மேலதிகாரி.

"நாற்காலி சரியில்ல சார்."

அன்றைக்கு வாடிக்கையாளரும் இருந்தார். பாப்பா அதிசயமாகத் தூங்கியிருந்தாள். நான் பேசத் தொடங்கி நான்கு வாக்கியம் ஆகியிருக்காது. தெருவில் ஒலிபெருக்கி: "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஒடஞ்ச ஃபேனு, ஓடாத மோட்டாரு..." பாப்பா அசையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்போது கீழேயிருந்து மேரி அக்கா, ஒலிபெருக்கியையும் மிஞ்சுகிற குரலில், "யோவ், அத நிறுத்தித் தொலையேன்! மேல புள்ள தூங்குதில்ல!" என்றார்கள்.

பாப்பா எழுந்துகொண்டாள். அழுகை என்றால் அழுகை. பதறி எழுந்தவன் கட்டைவிரல் கயிறு தடுக்கிக் கேமராவிலிருந்து அப்படியே மறைந்துபோனேன்.

மேலதிகாரி நல்லவர். கோபப்படவில்லை. "குழந்தை குரல் கணீர்னு இருக்கு. அடுத்த மாசத்திலேர்ந்து ஆபீசுக்கு வந்துடுங்க," என்றார்.

போனேன். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்து ஓடிப் போவதோடு சரி. பகலில் பாப்பா மேரி அக்காவிடம் இருந்தாள். மதியமானால் சென்னையிலிருந்து போன் பண்ணுவேன்.

"தூங்கினாளாக்கா?"

"அது தூங்கி எந்நேரம் ஆவுது. நீ சாப்ட்டியா?"

"எப்படித் தூங்க வச்சீங்க?"

"நான் எங்க வச்சன்? அதுவா தூங்குது. பக்கத்துல மிக்ஸி ஓடுது, அதுக்கும் எழுந்திரிக்கல."

போனை வைத்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். ராத்திரி என் அறைக்குத் திரும்பினால் அப்படி ஓர் அமைதி. எந்தக் குழந்தையும் தூங்கியிருக்கும், அங்கே குழந்தைதான் இல்லை.

போன மாதம்தான் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான். போன சனிக்கிழமை மதியம் ஆசையாகப் பாயை விரித்து பாப்பாவைக் கூப்பிட்டேன். சின்னப் பள்ளிக்கூடம் போகிற பெரிய மனுஷி ஆகிவிட்டாள். "நான் பகல்ல தூங்க மாட்டன்ப்பா. அதெல்லாம் குட்டிப் பாப்பாங்கதான்," என்றாள். எப்போது நிறுத்தினாள் என்று கலையைக் கேட்டேன். "அது ஆவுது அஞ்சாறு மாசம். உங்ககிட்ட சொல்லலயா?" என்றாள். வியர்த்த தலை என் கையில் கனத்து, மூடிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, வாய் லேசாகத் திறந்துகொள்ளும் அந்த மதிய நேரத்துக்காகத்தான் அவ்வளவு பாடுபட்டேன். நான் ஊர் திரும்புவதற்குள் அது முடிந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாளோ என்னவோ, "ஒனக்கு வேணும்னா நீ தூங்குப்பா. நான் தட்டி வுடறன்," என்றாள். இந்த சனிக்கிழமை என்று பேசி முடித்திருக்கிறோம். நான் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவள் தட்டுவாள், பேசக் கூடாது. இப்போதெல்லாம் பகலில் எனக்குத் தூக்கமே வராது. ஆனால் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுக்கிறவர்தான் முதலில் தூங்கிப்போவார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.