சரக்குத்தூளும் சிவப்புப் பேனை விதியும்

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பில், மேல்வீட்டுத் தங்கச்சிக்கு எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. கணவர் தனியாகப் பொரளை மயானத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அவள் வீடு திரும்பிய அன்றே நான் அட்டவணை போட்டேன்: யார், எந்த நாள், எத்தனை மணிக்குச் சாப்பாட்டோடு போவது. கீழே சிவப்புப் பேனையால் ஒரு விதி: பிள்ளையைப் பற்றி ஒருவரும் கதைக்கக் கூடாது.

விதி நன்றாகவே வேலை செய்தது. திங்கட்கிழமை போன ஓய்வுபெற்ற தபாலதிபர், வேறு கதை அகப்படாமல், தன் மூலவியாதி ஒப்பரேஷனை முக்கால் மணித்தியாலம் விளக்கினார். படமும் கீறிக் காட்டினாராம். செவ்வாய் கீழ்வீட்டு முஸ்லிம் ராத்தா, தண்ணீர்த் தாங்கிக்குள் விழுந்த பூனையின் கதையை மூன்று தரம் சொன்னா. மூன்றாம் தரம் பூனை இரண்டாகிவிட்டது. "இலகுவாகச் செமிக்கும் சாப்பாடு" என்று நான் எழுதியிருந்ததால், இருவரும் இடியப்பமும் சொதியும்தான் கொண்டுபோனார்கள்.

புதன் என் முறை. நானும் இடியப்பம்தான். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, எனக்கு ஏன் ஒருத்தரும் சரக்குக்கறி தரேல்லை?"

"அது பிள்ளை பெத்தவைக்கு..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அப்ப நான் என்ன, அப்பெண்டிக்ஸ் வெட்டிப்போட்டே வந்தனான்?"

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போய், சின்னம்மா வறுத்து இடித்து வைத்திருந்த சரக்குத்தூளில் ஒரு போத்தல் வாங்கிவந்தேன். வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் போத்தலைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான். ஏழு தும்மல், எண்ணினேன். எட்டாவதற்கு வாயைத் திறந்தபடி கனநேரம் நின்றான், அது வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் கறிக்கான தூள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

"புத்தெக்த, துவெக்த?" மகனா, மகளா என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. நேரமெல்லாம் குறித்து அட்டவணை போட்ட எனக்கு அது தெரியாது. தெரியாதென்றே சொன்னேன். அவனுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. பையை இன்னொரு தரம் கொட்டிப் பார்த்தான்.

அடுத்த நாள் உள்ளி நிறையப் போட்டுக் கறி வைத்துக்கொண்டு படியேறினேன்.

"தங்கச்சி, பொடியனோ பெட்டையோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெட்டை அக்கா. காது அப்பிடியே இவரின்ரை காது. பாவம், பொம்பிளைப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய காது!"

பக்கத்தில் இருந்த கணவர் தன் காதைத் தடவிப் பார்த்தார். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு சோற்றைக் குழைத்தபடி, எத்தனை மணிக்குப் பிறந்தது, எத்தனை றாத்தல், தலைமயிர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். நான் அவள் சோற்றுக்கோப்பை காயக் காயக் கறியை ஊற்றிக்கொண்டிருந்தேன்.