திருப்பத்துக்கு முன்னால் ஒரு குரல்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வரி கூடக் கற்பனை இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்பாவிட்டால் எனக்குப் பெரிய உபகாரம். ஏன் என்று கடைசியில் தெரியும்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. நான்கு பேர் கொண்ட ஓர் இசைக்குழு. ஒரு பாட்டை இன்றைக்கு எட்டு நிமிடம் வாசிப்பார்கள். அதையே நாளைக்கு நாற்பது நிமிடம் இழுப்பார்கள். பாட்டு எந்த இடத்தில் திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு கச்சேரியையும் கூட்டத்தில் நின்று பதிவு செய்து, ரசிகர்கள் நாங்கள் எங்களுக்குள் பரிமாறிக்கொள்வோம்.

"ஒரே பாட்டை நூறு தடவை கேக்குற ஆளுக்கா என்னைக் கட்டி வச்சாங்க!" என்பாள் மனைவி.

"ஒரே பாட்டு இல்லடி. நூறும் வேற வேற."

"நான் திட்டுறதும் தினம் வேற வேறதான். அதையும் பதிவு பண்ணிக்கோங்க."

எங்களுக்கு ஒரே சட்டம்தான். பதிவில் கை வைக்கக் கூடாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. மைக் பக்கத்தில் நிற்பவன் கைகூடத் தட்ட மாட்டான். சட்டத்தை மீறினால் வெளியே. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் என்பதாலோ என்னவோ, சரிபார்க்கும் வேலை என் தலையில்.

அப்போதுதான் எங்களில் ஒருவர் மேல், ஒட்டகத்தின் மேல், சந்தேகம் விழுந்தது. ஒட்டகம் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கம்பின் உச்சியில் மைக்கை மாட்டிக்கொண்டு வருவார், அதனால் அந்தப் பெயர். அவருடைய பதிவுகளில் மட்டும் ஒரு பெண் குரல். மெதுவாக. ஒரே சொல்.

"இப்போ."

அடுத்த நொடி பாட்டு திரும்பும்.

வாசிப்பவனுக்கே தெரியாத திருப்பம், கூட்டத்தில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். வேறென்ன? ஆளைக் குழுவிலிருந்து தூக்கிவிடலாம் என்றார்கள் எல்லோரும். நான் நேரில் போய்க் கேட்டேன்.

"யாரண்ணே அந்தப் பொண்ணு?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் உறுத்தியது.

"நான் ஒட்டல தம்பி. நீயே போய்ப் பதிவு பண்ணு. உன் மைக், உன் மெஷின். நான் அந்தப் பக்கமே வரல."

"அப்புறம்?"

"தனியா உக்காந்து கேளு."

சிரித்தார். தலைச்சுமையை இறக்கி வைத்தவர் போல...

போனேன். சுவரோரம் நின்றேன். மைக் கம்பின் உச்சியில், என் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில். பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியம். நல்ல வெயில். வீட்டில் நான் மட்டும். ஹெட்போனை மாட்டினேன்.

பதினேழாவது நிமிடம். கிதார் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது...

"இப்போ."

பாட்டு திரும்பியது.

மறுபடி ஓட்டினேன். குரல் கீழே கூட்டத்திலிருந்து வரவில்லை.

மேலே. மைக்கை ஒட்டி.

மூச்சு விடும் சத்தம்கூட...

ஒட்டகம் குற்றவாளி இல்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். என் பதிவையும் அனுப்பினேன். "நீங்க ஒட்ட மாட்டீங்க சார்," என்றார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த கச்சேரி முடிந்ததும் ஒட்டகத்தின் பதிவு வந்தது. சுத்தம். குரலே இல்லை.

போன் போட்டேன்.

"அண்ணே, அந்தக் குரல்..."

"இனிமே எனக்கு வராது. எனக்கு முன்னாடி வேறொருத்தர் பதிவுல வந்துச்சு. அவர் ஒட்டுறார்னு நான்தான் சோதிக்கப் போனேன். என்கிட்ட வந்துச்சு. அவர் தப்பிச்சார்."

"எதுலேருந்து?"

அதை விட்டுவிட்டு அவர் என்னைக் கேட்டார்.



"பாட்டு ஓடாதப்போ கேட்டுச்சா?"

"இல்லையே."

"கேக்குறதுக்குள்ள உன்னை யாராவது சந்தேகப்படணும் தம்பி."

வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

நேற்று மாலை அடுப்படியில் நின்றிருந்தேன். வீட்டில் எந்தப் பாட்டும் ஓடவில்லை.

காதை ஒட்டி...

"இப்போ."

ஒன்றும் நடக்கவில்லை.

இதுவரை.

இவன் கதை விடுகிறான், குரலை இவனே ஒட்டியிருக்கிறான் என்று நினைக்கிறீர்களா? நல்லது. அப்படியே நினையுங்கள்.

உங்கள் மைக்கோடு வந்து சோதித்துப் பாருங்கள்.

சீக்கிரம்.