ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு சாவு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரணாதார சங்கத்தின் கணக்குக் கொப்பியைப் புரட்டினால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு பேர் செத்துப்போனதாக எழுதியிருக்கும். ஆறு பேரும் மறுநாள் காலையில் வேலைக்கு வந்தார்கள். எல்லாம் என் மகளின் காதுக்காக நடந்தது.

அவளுக்கு அப்போது நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அழுத்தக்காரி என்று செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தோம். சாதாரண காது மெசினை இரண்டு பக்கமும் மாட்டிப் பார்த்தாயிற்று, பலனில்லை. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்து, வெளியே அதற்கொரு மெசினும் மாட்டினால் கேட்கும், ஐந்து வயதுக்குள் செய்துவிடுங்கள், பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று கண்டியில் டாக்டர் சொன்னார். ஆபரேஷன் இலவசம். கருவியையும் மெசினையும் மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். விலையைக் கேட்டதும் என் மனைவி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தலவாக்கலையில் ஒரு கம்பனிக்கு வான் ஓட்டுகிறேன். கம்பனி எங்களுக்குக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். வார்டுச் செலவு தருவோம், உடம்புக்குள் வைக்கிற சாமானுக்கு ஒரு எல்லை வரைதான், காதுக்கு வெளியே மாட்டுகிற மெசினுக்கு ஒன்றும் கிடையாது என்று அங்கிருந்தவர் சிங்களத்தில் பொறுமையாக வாசித்துக் காட்டினார். இலவச வார்டில் படுக்கப்போகிற பிள்ளைக்கு வார்டுச் செலவாம். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பாதிக் காதுக்குத்தான் காப்புறுதியா என்று கேட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான், அந்த மனுஷன் என்ன செய்வார் பாவம் என்று தோன்றியது.

மனைவியின் நகை, கம்பனி முற்பணம், கோயில் கமிட்டியும் சேர்ச்சும் திரட்டித் தந்தது, காப்புறுதியின் அந்த எல்லைக் காசு என்று எல்லாவற்றையும் போட்ட பிறகும் பணம் குறைந்தது. மகளுக்கு ஐந்து வயதாக மூன்று மாதம்தான் இருந்தது.

மிச்சமிருந்த ஒரே இடம் மரணாதார சங்கம். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் எல்லா வீடும் மாதாமாதம் அதற்குக் காசு கட்டும். ஒரு சாவு விழுந்தால், பெட்டி வாங்கவும் மற்றச் செலவுக்கும் அன்றைக்கே காசு வீட்டுக்கு வந்துவிடும். வேறு எதற்கும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்ததே இல்லை. கூட்டம் பிள்ளைக் காம்பராவில் நடக்கும், தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

சண்டைக்கு இடமே இருக்கவில்லை. செயலாளர் தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர், கணக்கில் கறாரான ஆள். எங்களுக்குக் குறைந்த தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு சாவுக் காசு வருதுண்ணே. குடுக்கலாம், காசு இருக்கு. ஆனா கொப்பியில செத்தவங்க பேருன்னு ஒரு எடம் இருக்கே, அதுல யார் பேர எழுதுறது?" என்றார்.

பிள்ளைக்குத்தானே, பிள்ளை பேரையே எழுதுங்கள் என்று பின்னாலிருந்து யாரோ யோசிக்காமல் சொன்னார்கள். என் மனைவி எழுந்து நின்றாள். "எம்புள்ள பேர அந்தக் கொப்பியில எழுத விடமாட்டேன். காசே வேணாம்" என்றாள்.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு அக்கா குடியிருந்தார். மலையில் என் மனைவிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அவர் செயலாளரைப் பார்த்து, "எம்பேர எழுதுங்க தம்பி" என்றார்.

"அப்ப நீங்க நெசமாவே செத்தா ஒங்களுக்கு ஒன்னும் வராதுங்களே அக்கா" என்றார் செயலாளர்.

"செத்தவளுக்கு எதுக்குப்பா காசு? அப்பிடியே போட்டுட்டா போயிருவீங்க?"

செயலாளர் எழுதினார். திகதியும் போட்டார். உடனே இன்னொரு கை உயர்ந்தது. சேர்ச்சில் பாடுகிற ஒரு அம்மா, அவருக்குப் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும், பிறகு இரண்டு பேர். ஏழாவதாகக் கை தூக்கியவரிடம், "போதும், நீங்க உசிரோடயே இருங்க" என்றார் செயலாளர். அறையே சிரித்தது. மறுநாள் காலைப் பெரட்டில், மலைக்கு ஆள் பிரிக்கும்போது, செத்தவர்கள் எல்லாம் தனி வரிசையில் நில்லுங்கள் என்று கங்காணி கேலி செய்தாராம்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மெசினை முதலில் போட்டுவிட்ட அன்று மகள் பயந்து அலறி அதைப் பிடுங்கி எறிந்தாள். நான் நினைத்திருந்தது வேறு, சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன். பழக வாரக்கணக்கானது. ஒருநாள் என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு லயத்து வாசல் சிமெந்தில் நடந்தாள். நின்றாள். காலைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். தான் நடந்தால் சத்தம் வருகிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மத்தியானம் வரை நடந்துகொண்டே இருந்தாள், நானும் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலும் இத்தனை வருஷம் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு சொல்லாக வந்தது. அம்மா, பால், அத்தை. அத்தை என்றால் கடைசிக் காம்பரா அக்காதான். பேச்சுப் பழக்குகிற டீச்சர், சொற்கள் தானாகக் கோத்துக்கொண்டு வரும், அவசரப்படாதீர்கள் என்பார். இரண்டு வருஷம் ஆகியும் கோக்கவில்லை.

போன மாசம் அந்த அக்கா காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். செயலாளர் கொப்பியோடு வந்து முற்றத்தில் நின்றார், அக்கா பேரில் சாவுக் காசு ஏற்கெனவே போயிருந்தது. பெட்டியை நான்தான் வாங்குவேன் என்று சொன்னேன், மற்ற ஐந்து பேரும் விடவில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்துதான் வாங்கினோம்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "அத்தை" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, அத்தைக்குக் காது கேக்கல. மெசினு வாங்கிக் குடுங்க" என்றாள்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் முழுசாகப் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னாள்.